வழிகாட்டிக்கு வழி சொல்பவர்

கார் வைத்திருப்பவர்கள் பல விதம். தினமும் கழுவுகிறவர், கழுவவே கழுவாதவர், பக்கத்து வீட்டு வாசலை அடைத்து நிறுத்துகிறவர், அடுத்தவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று விசாரிக்கிறவர் என்று இவர்களைப் பற்றியெல்லாம் வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போவது, எல்லாத் தெருக்களிலும் நிறைந்திருந்தும் இதுவரை யாரும் சரியாகக் கண்டுகொள்ளாத ஓர் இனம். காரில் ஜி.பி.எஸ் கருவி வாங்கி மாட்டிக்கொண்டு, அந்தக் கருவிக்கே வழி சொல்லிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்.

வழி தெரியாதவர்தானே வழிகாட்டி வாங்குவார் என்று நினைக்கிறீர்கள். நல்ல மனிதர் நீங்கள். இந்த இனத்தோடு பழகியதில்லை. இவருக்கு எல்லா வழியும் தெரியும். அந்த விஷயத்தைத் தினமும் யாரிடமாவது நிரூபித்தாக வேண்டும், அதுதான் சிக்கல். மனைவியிடம் நிரூபித்துப் பார்த்தார், அவர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார். நண்பர்களிடம் நிரூபித்தார், அவர்கள் பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்து போகவும் முடியாமல், கோபித்துக்கொள்ளவும் தெரியாமல், முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஒரு ஜீவன் அவருக்குத் தேவைப்பட்டது. கடையில் இருந்தது. வாங்கிவிட்டார்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி ஒருவர் குடியிருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுக்கிற கைராசிக்காரர், தங்கமான மனிதர், யாருக்கு எந்த அவசரம் என்றாலும் முதலில் வண்டியை எடுக்கிறவர். ஆனால் எடுத்த வண்டி எங்கே போய் நிற்கும் என்பது வேறு விஷயம். நாங்கள் அவருக்கு மாலுமி என்று பெயர் வைத்திருக்கிறோம். அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். நான் மாடியில் குடியிருக்கிறேன். என் அலுவலகம் அவர் கடைக்குப் போகிற வழியில் இருப்பதால் வாரத்தில் பாதி நாள் அவருடைய பக்கத்து இருக்கையில்தான் என் காலைப்பொழுது கழிகிறது. ஓசிச் சவாரி என்று பொறாமைப்படாதீர்கள். கேளுங்கள் கதையை.

கைப்பேசியிலேயே வழி கிடைக்கிறதே, தனியாக ஒரு கருவி எதற்கு என்று ஒரு நாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு அலுவலகம் போய்ச் சேரும்வரை பதில் நீண்டது. கைப்பேசி பேசுவதற்கானதாம், வழி சொல்லிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் பாதி வழியில் நம்மை விட்டுவிட்டு அரட்டைக்குப் போய்விடுமாம், இந்தக் கருவியோ வேறு சிந்தனையே இல்லாமல் வழி ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பதாம். அவ்வளவு உத்தமமான கருவி சொல்வதை நீங்கள் ஏன் கேட்பதேயில்லை என்ற அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அலுவலக வாசல் வந்துவிட்டதால் விழுங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

காலையில் வண்டி கிளம்புவதற்கு முன் ஒட்டும் படலம் நடக்கும். கருவியின் பின்னால் இருக்கிற ரப்பர் கிண்ணத்தை நாக்கால் நனைப்பார். ஈரம் இருந்தால்தான் பிடிக்குமாம். முன்கண்ணாடியில் வைத்து, வண்டியே முன்னால் நகர்ந்துவிடும் போல அமுக்கி, மெதுவாகக் கையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். நிற்கும். திருப்தியோடு என்னைப் பார்ப்பார். இரண்டாவது வேகத்தடையில் அது சத்தமில்லாமல் கழன்று என் மடியில் விழும். நான் இப்போதெல்லாம் தெரு முனை திரும்பியதுமே இரண்டு கையையும் ஏந்தியபடி வைத்துக்கொள்கிறேன்.

வண்டியை எங்கே நிறுத்தினாலும் திருடன் கண்ணில் படக்கூடாது என்று கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். கண்ணாடியில் ரப்பர் கிண்ணம் பதித்த வட்டம் மட்டும், இங்கே ஒரு கருவி இருந்தது என்று திருடனுக்குத் தகவல் சொல்லிக்கொண்டு நிற்கும். வங்கி, பல் வைத்தியர், பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் மார்பு ஒரு பக்கம் மட்டும் புடைத்தபடி போவார். ஒருமுறை அவருடைய கடை வாடிக்கையாளர் ஒருவர் இறந்துபோக, துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அந்த அமைதியில் மாலுமியின் பைக்குள்ளிருந்து இனிமையான பெண் குரல் ஒன்று, “நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது” என்றது. இறந்தவரின் மூத்த மகன் மேலே அண்ணாந்து பார்த்தார். நாங்கள் காப்பிக்குக்கூட நிற்காமல் எழுந்து வந்துவிட்டோம்.

குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருவிக்குள் பல குரல்கள் இருந்தன. முதலில் ஆண் குரலைத்தான் வைத்துப் பார்த்தார். மூன்றே நாளில் மனத்தாபம் வந்துவிட்டது. எதிர்த்துப் பேசுகிற மாதிரி இருக்கிறதாம். பெண் குரலுக்கு மாற்றினார். அன்றிலிருந்து அதற்கு ‘அந்தம்மா’ என்று பெயர். நான் அக்கா என்று கூப்பிடுகிற அவருடைய மனைவி, முதல் நாள் பின் இருக்கையில் உட்கார்ந்து முழுப் பயணத்தையும் கேட்டுவிட்டு இறங்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “எத்தனை தடவை பேச்சைக் கேக்கலைன்னாலும் அவங்களுக்குக் கோபமே வரலை, கவனிச்சீங்களா தம்பி?” அதே தொழிலில் இருக்கிற ஒருவர் இன்னொருவரைப் பாராட்டுகிற தொனி அதில் இருந்தது.

இருபது வருஷமாகப் போய்வருகிற தன் கடைக்குப் போகவும் மாலுமி கருவியில் விலாசம் போடுவார். எதற்கு? சண்டைக்குத்தான். அந்தம்மா இடது பக்கம் திரும்பச் சொல்லி, இவரும் இடது பக்கமே திரும்புவதாக இருந்தால், “இதைச் சொல்றதுக்கு ஒரு மிஷினா?” என்பார். வலது பக்கம் சொன்னால், சுற்று வழி என்றும், பெட்ரோல் விற்கிறவன் காசு கொடுத்துச் சொல்ல வைக்கிறான் என்றும் விளக்கம் தருவார். அந்தம்மா எதுவும் சொல்லாமல் இருந்தால்? தூங்கிவிட்டது என்று கண்ணாடியைச் சுண்டுவார். இந்த விளையாட்டில் கருவி ஜெயிக்க ஒரு வழியும் கிடையாது. அது சொன்னதற்கு நேர்மாறாக இவர் வண்டியைத் திருப்பியதும், “வழி மீண்டும் கணக்கிடப்படுகிறது” என்று சொல்லிவிட்டு அந்தம்மா சில நொடி மௌனமாகிவிடும் பாருங்கள், அந்த மௌனத்தில் அவர் முகத்தில் தெரிகிற நிறைவை நான் அவர் சாப்பிட்டு எழும்போதுகூடப் பார்த்ததில்லை.

இதோடு ஓட்டப் பந்தயம் வேறு. போய்ச் சேரும் நேரம் என்று கருவியின் மூலையில் ஒரு மணி காட்டும் அல்லவா? நமக்கெல்லாம் அது தகவல். மாலுமிக்கு அது சவால். அதைவிட ஒரு நிமிஷமாவது முன்னால் போய்ச் சேர்ந்து, “என்னமோ சொன்னியே” என்று கருவியைப் பார்த்துச் சொன்னால்தான் இறங்கவே மனம் வரும். அதற்காக மஞ்சள் விளக்கில் பறப்பார். லாரியை முந்துவார். முன்னதாகச் சேர்ந்த பிறகு கடை திறக்க நேரமிருக்கிறது என்று வண்டியிலேயே உட்கார்ந்து செய்தி கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஓர் அண்ணன் உண்டு. கணக்குத் தணிக்கையாளர். அதே கருவியைத்தான் வாங்கியிருக்கிறார். அந்த மனிதர் அது திரும்பு என்றால் திரும்புவார், நில் என்றால் நிற்பார், எல்லா விசேஷத்துக்கும் சொன்ன நேரத்தில் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒரு தம்பிக்கு இதைவிடப் பெரிய தலைவலி உண்டா? “எங்க அண்ணன் வண்டியை ஓட்டறதில்லை, வண்டிதான் அவரை ஓட்டுது” என்று மாலுமி சொல்லாத நாள் குறைவு.

சரி, தெரிந்த வழியில்தான் இப்படி. தெரியாத ஊருக்குப் போகும்போதாவது அந்தம்மா பேச்சைக் கேட்பார் அல்லவா என்று கேட்கிறீர்கள். இங்கேதான் இந்த இனத்தின் சூட்சுமம் இருக்கிறது. தெரிந்த வழிக்குக் கருவி, தெரியாத வழிக்குத் தன்னம்பிக்கை. இதுதான் அவருடைய சட்டம். இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் நெடுநாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அக்காவின் கேக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அந்த நாள் வரும்வரை.

அக்கா கேக் செய்கிறவர். கதவு சரியாக மூடாத ஓர் அடுப்பு. கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு நாற்காலி. இதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக எங்கள் தெருப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் புதிதாக ஒரு ஹோட்டல் திறக்கிறார்கள். அதன் மேலாளர் எங்கேயோ அக்காவின் கேக்கைச் சாப்பிட்டுவிட்டுத் தேடிப் பிடித்து வந்தார். திறப்பு விழாவுக்கு மூன்று அடுக்கு கேக் வேண்டும், சரியாக நான்கு மணிக்கு வெட்டுகிறார்கள், கேக் சேதமில்லாமல் நேரத்துக்கு வந்துவிட்டால் இனி அந்த ஹோட்டலுக்கு வேண்டிய கேக் எல்லாம் அக்காவிடம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். தாமதமானால் பக்கத்திலேயே பெரிய பேக்கரி ஒன்று காத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த வேலை கிடைத்தால் எங்கள் தெரு முனையில் பூட்டிக் கிடக்கிற சின்னக் கடையை எடுத்து, நல்ல அடுப்பு வாங்கிவைத்து, வாசலில் தன் பெயரில் பலகை மாட்ட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பலகையின் நிறத்தைக்கூடத் தீர்மானித்து வைத்திருந்தார்.

வாடகை வண்டி வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மாலுமி துடித்துப்போய்விட்டார். நீ இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை எவனோ ஒருத்தன் கொண்டுபோவதா, நான் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டார். உண்மையான அன்போடுதான் கேட்டார். அதுதான் பெரிய கஷ்டம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினோம். மேல் அடுக்கு தனிப் பெட்டியில், முன் இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்திருந்தது. கீழ் இரண்டு அடுக்கும் ஒரு பெரிய பெட்டியில், பின்னால் அக்கா மடியிலும் என் மடியிலுமாகப் பாதிப் பாதி. ஒட்டுப்போட வேண்டியிருந்தால் இருக்கட்டும் என்று அக்கா க்ரீமும் தட்டைக் கத்தியும் பையில் எடுத்து வைத்திருந்தார். அவருக்குத் தெரியாதா தன் வீட்டுக்காரரை?

நெடுஞ்சாலை மாலுமிக்கு மனப்பாடமான சாலை. அதனால் அந்தம்மாவோடு பந்தயம் மும்முரமாக நடந்தது. அக்கா மூன்று தடவை, “கொஞ்சம் மெதுவாங்க” என்றார். மாலுமியும் மூன்று தடவை மெதுவாக ஓட்டி, கருவியின் மூலையில் ஒரு நிமிஷம் ஏறியதும் மறுபடி விரட்டினார். ஆற்றுப் பாலம் வந்தது. அதைத் தாண்டினால் அவருக்குத் தெரியாத ஊர். “பாலத்தைக் கடந்ததும் இடது பக்கம் திரும்பவும்” என்றது அந்தம்மா. அதாவது, அவருடைய சட்டத்தின் இரண்டாம் பாகம் அமலுக்கு வந்தது.

“இதுக்கு ஆத்தோரமா போற ரோடு தெரியலை. பாதி நேரத்துல போயிடலாம்” என்றார் மாலுமி. நேரே விட்டார்.

ஆற்றோரச் சாலை முதலில் அழகாகத்தான் இருந்தது. பிறகு தார் போனது. பிறகு கல் வந்தது. யார் போட்ட வேகத்தடைகளோ, வேகமாகப் போகவே முடியாத அந்தச் சாலையில் பத்தடிக்கு ஒன்று என்று எழும்பி நின்றன. ஒவ்வொன்றுக்கும் பெட்டி எங்கள் மடியில் குதித்தது, நாங்களும் குதித்தோம். அந்தம்மா விடாமல், “வாய்ப்புள்ள இடத்தில் திரும்பவும்” என்று சொல்லிக்கொண்டே வந்தது. கடைசியில் சாலை, மரம் அறுக்கும் ஆலை ஒன்றின் இரும்புக் கதவில் போய் முடிந்தது. அங்கே நின்ற காவலாளி நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே திரும்பிப் போகும்படி கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வாசலுக்கு இந்த இனத்தவர் தினமும் வருவார்கள் போலிருக்கிறது.

வந்த வேகத்தடை எல்லாவற்றையும் மறுபடி தாண்டி வெளியே வந்தபோது, கருவி காட்டிய போய்ச் சேரும் நேரம் நான்கைத் தாண்டியிருந்தது. அக்கா பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். இரண்டில் மேலே இருந்த அடுக்கு ஒரு விரல் அளவு ஒதுங்கி, ஓரத்து க்ரீம் வழித்தெடுத்தது போல இழுபட்டிருந்தது. அவர் கத்தியை எடுத்தார். ஓடுகிற வண்டியில், ஒரு கையால் அடுக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பூசினார். கண் கலங்கியிருந்ததை நான் பார்த்துவிட்டேன். முதல் தடவையாக மாலுமியின் மீது நிஜமாகவே கோபம் வந்தது.

மாலுமியோ அந்தம்மாவின் மீது கோபத்தில் இருந்தார். அது தொணதொணத்ததால்தான் தன் கவனம் சிதறி வழி தப்பியதாம்.

அக்கா கத்தியைத் துடைத்து உள்ளே வைத்தார். “என்னங்க, அதைக் கழட்டி எங்கிட்ட குடுங்க. சத்தத்தை அமுத்தி வச்சுக்கறேன். நீங்க நிம்மதியா ஓட்டுங்க” என்றார்.

“இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்று மாலுமி ஒரே இழுப்பில் கருவியைப் பிடுங்கிப் பின்னால் நீட்டினார்.

அடுத்த முச்சந்தி வந்தது. மாலுமி வேகத்தைக் குறைத்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவருக்கு என்னவோ குறைந்தது. எதிராளி இல்லாமல் எப்படி வாதாடுவது?

“என்ன சொல்லுது அது?” என்றார்.

அக்காவின் கையிலிருந்த திரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. பெரிய பச்சை அம்பு, இடது பக்கம் வளைந்து நின்றது.

“வலது பக்கம் திரும்பச் சொல்லுதுங்க” என்றார் அக்கா.

பதற்றத்தில் அம்பைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று, “அக்கா, அது இட…” என்று ஆரம்பித்தேன். என் கால் விரல்கள் மீது அக்காவின் செருப்பு இறங்கியது. மடியில் கேக்கை வைத்துக்கொண்டு, குனிந்து பார்க்காமல், அவ்வளவு குறி தவறாமல் மிதிப்பது லேசான காரியம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

“வலதா?” மாலுமி சிரித்தார். “மேப் போட்டவன் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டான். இடதுதான். ரோட்டைப் பாத்தாலே தெரியுதே.” இடது பக்கம் திரும்பினார். திரையின் மூலையில் நேரம் நாலுக்குள் இறங்கியது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். நேரே போக வேண்டிய இடத்தில், வந்த வழியே திரும்பச் சொல்லுது என்றார் அக்கா. மாலுமி தலையில் அடித்துக்கொண்டு நேரே போனார். வலது பக்கம் போக வேண்டிய இடத்தில் இடது என்றார். மாலுமி அந்தம்மாவின் படிப்பைச் சந்தேகித்துக்கொண்டே வலது பக்கம் திரும்பினார். ஆளுக்கு ஆள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த பெரிய ரவுண்டானா ஒன்று வந்தது. ஐந்து சாலைகள் பிரிகின்றன. எனக்குக் கை கால் ஓடவில்லை. இதற்கு நேர்மாறு எது என்று எந்தக் கணக்கு வாத்தியார் வந்து சொல்வார்? அக்கா ஒரு கணம்தான் யோசித்தார்.

“மூணாவது ரோட்டைத் தவிர எதுல வேணும்னாலும் போகலாமாம்” என்றார்.

“பாத்தியா, குழப்பிடுச்சு” என்று சொல்லி மாலுமி மூன்றாவது சாலையில் நுழைந்தார். நான் சிரிப்பை அடக்கப் பெட்டியின் விளிம்பைக் கடித்துக்கொண்டேன்.

மூன்று நாற்பது. ஹோட்டலின் பெயர்ப்பலகை தூரத்தில் தெரிகிறது. கடைசியாக ஒரே ஒரு திருப்பம் பாக்கி. இடது பக்கம் திரும்பினால் ஹோட்டல் வாசல். வலது பக்கம் ஏறினால் சுங்கச்சாவடி போட்ட விரைவுச்சாலை. அதில் ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்த ஊர் போய்த்தான் திரும்ப முடியும். அக்கா வழக்கம்போல, “வலது” என்றார்.

மாலுமி கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தார். கேக்கைக் கட்டிப்பிடித்தபடி, முகமெல்லாம் வியர்வையும் கன்னத்தில் ஒரு தீற்று க்ரீமுமாக உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். பார்த்ததும் அவருடைய முகம் இளகிப்போனது.

“நான் உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன். அந்த ஆத்தோர ரோட்டுல போயிருக்கக் கூடாது” என்றார். “இந்த ஒரு தடவை அந்த மிஷின் சொல்றபடியே போயிடறேன். உன் கேக்குக்காக.” வலது பக்கம் கைகாட்டி விளக்கைப் போட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அக்கா இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்திருப்பார். வந்தது பாருங்கள், எந்த நேரத்தில் வந்தது! வண்டி வலது பக்கம் சாய ஆரம்பித்தது. இனி என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் மனிதர் நொறுங்கிப்போவார். நொறுங்கிக்கொண்டே நடுரோட்டில் நிறுத்துவார். சொல்லாவிட்டால் கேக் அடுத்த ஊருக்குப் போய்விடும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அக்காவின் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது. “அதுவும் சரிதாங்க. உங்க அண்ணன்கூட எப்பவும் அது சொல்றபடிதானே போறாரு.”

டயர் கிறீச்சிட்டது. வண்டி இடது பக்கம் திரும்பியது.

ஹோட்டல் வாசலில் மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அக்கா உள்ளே போய் மூன்றாவது அடுக்கை ஏற்றி, ஓரங்களைத் தீட்டி முடித்தபோது, ஒதுங்கிய இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. நாலு மணிக்கு வெட்டினார்கள். நாலேகாலுக்கு மேலாளர் இரண்டாவது துண்டோடு வந்து, அடுத்த வாரத்துக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சமையலறைப் பக்கம் போய்ச் சுவரோரமாக நின்று, முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தார். சந்தோஷ அழுகைதான்.

மாலுமி அப்போது கூடத்தில் ஒரு கூட்டத்தையே சேர்த்துவிட்டிருந்தார். கருவி ஒவ்வொரு திருப்பத்திலும் எப்படித் தப்புத் தப்பாகச் சொன்னது, தான் எப்படி ஒவ்வொரு தடவையும் அதை மீறிச் சரியான வழியைப் பிடித்தார், இல்லாவிட்டால் கேக்கின் கதி என்ன என்பதையெல்லாம் கையை வீசி விளக்கிக்கொண்டிருந்தார். இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? கிடையாது. கேட்டவர்கள் அசந்துபோனார்கள். இரண்டு பேர் அவரிடம் திரும்பிப் போக வழி கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து காலிப் பெட்டிகளை இறக்கும்போது அக்காவைத் தனியாகப் பிடித்தேன். எப்போதிலிருந்து இது நடக்கிறது என்று கேட்டேன்.

“மிஷின் இப்பத்தானே தம்பி வந்தது. அதுக்கு முன்னாடி அவருக்கு வழி சொன்னது நான்தானே” என்றார் அக்கா. “இந்த வீடு வேண்டாம்னு சொன்னது நான். கடைக்கு அந்த இடம் சரிப்படாதுன்னு சொன்னதும் நான்தான்.” அருமையான வீடு, ஊரிலேயே நல்ல இடத்தில் கடை. “நல்ல மனுஷன் தம்பி. அவர்கிட்ட இதையெல்லாம் சொல்லிடாதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இதை என் மனைவியிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று மாடிக்கு ஓடினேன். அவள் முந்திக்கொண்டாள். நான் களைத்துப்போய் வந்திருப்பதாகவும், இன்றைக்குப் போய் எதற்கு சினிமா, பேசாமல் வீட்டிலேயே இருக்கலாம் என்றும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. யார் களைத்தது? நானா? கிளம்பு, போகலாம் என்று கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு விடுவிடு என்று இறங்கினேன். பாதிப் படியில்தான் திரும்பிப் பார்த்தேன். தலை வாரி, நல்ல புடவை கட்டி, கைப்பை சகிதம் அவள் எப்போதோ தயாராகி நின்றிருந்தாள்.

அன்றிலிருந்து யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் தாராளமாகச் சிரியுங்கள். உங்களிடம் கருவியும் இல்லை, காரும் இல்லை. யார் என்ன சொன்னாலும் சொந்த புத்தியில் யோசித்து, நாலு பேர் தடுத்தும் கேட்காமல் சரியான முடிவெடுத்து முன்னுக்கு வந்தவர் நீங்கள். ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டாம்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்?